முந்தானையும் துறப்பணமும்

சுவரில் ஒரு ஆணி இறங்க வேண்டும் என்றால் நம் வீடுகளில் முதலில் தேடப்படுவது சுத்தியல் அல்ல, ஒரு ஆண். அப்பா, அண்ணன், கணவன், தோளுக்கு மேல் வளர்ந்த மகன். யாரும் இல்லையென்றால் பக்கத்து வீட்டுத் தம்பி. அவருக்கும் நேரமில்லையென்றால் எலக்ட்ரீசியன். அவர் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "வீட்ல சார் இல்லீங்களா?" துளை எங்கே வேண்டும், எவ்வளவு கனம் தாங்க வேண்டும் என்பதெல்லாம் சாரிடம் பேச வேண்டிய விஷயங்கள். மேடத்திடம் தண்ணீர் கேட்கலாம், ஸ்டூல் கேட்கலாம்.

அம்மாவும் நானும் மட்டும் வாழும் வீடு எங்களுடையது. வேலை மாறும்போதெல்லாம் வாடகை வீடும் மாறியது. ஒவ்வொரு வீட்டிலும் திரைச்சீலைக் கம்பி, துணிக்கொடிக் கொக்கி, புத்தக அலமாரி, அம்மா பிடித்துக்கொண்டு எழ குளியலறையில் ஒரு கைப்பிடி. எல்லாமே ஓர் ஆணின் ஓய்வுநேரத்துக்காகக் காத்துக் கிடந்தன. ஆறு வருடங்களுக்கு முன்பு ஒரு தீபாவளி முன்பணத்தில் கார்ட்லெஸ் டிரில் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் பில்லில் என் பெயரை எழுதிக்கொண்டே, "சாருக்கு கிஃப்டுங்களா மேடம்?" என்றார்.

பெண்களுக்கு இயந்திரம் பயம் என்று சொல்பவர்கள் காலை ஆறு மணிக்கு எந்தத் தெருவிலாவது நடந்து பார்க்கட்டும். வீட்டுக்கு வீடு 750 வாட் மிக்சி அலறிக்கொண்டிருக்கும். அதன் பிளேடு நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம் முறைக்குக் குறையாமல் சுற்றும். நாம் தூக்கக் கலக்கத்தில் அதன் மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அடுப்பைக் குறைக்கிறோம். கார்ட்லெஸ் டிரில் முழு வேகத்தில் ஓடினாலும் நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுற்றுக்கு அக்கம்பக்கம்தான். தையல் மெஷின், கிரைண்டர், பிரஷர் குக்கர் என்று வெப்பத்தோடும் அழுத்தத்தோடும் மோட்டாரோடும் புழங்கும் கைகள் நம்முடையவை. சட்னி அரைத்தால் அது மோட்டார் என்று கணக்கில் வருவதில்லை. சுவரைத் துளைத்தால்தான் 'மெஷின்' ஆகிவிடுகிறது.

துளையிடும் கருவிக்குத் தமிழில் துறப்பணம் என்று ஒரு பெயர் உண்டு. கயிறோ வில்லோ கொண்டு சுழற்றித் தச்சர்கள் மரத்தில் துளையிட்டது அதனால்தான். 1895இல் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரத்து ஃபைன் நிறுவனம் கையில் பிடிக்கும் மின் துறப்பணத்தைச் செய்தது. 1961இல் பிளாக் அண்ட் டெக்கர் அதன் வயரை அறுத்து, நிக்கல் காட்மியம் பேட்டரியில் ஓட வைத்தது. 2003இல் பாஷ் நிறுவனத்தின் இக்ஸோ, லித்தியம் அயான் பேட்டரியோடு உள்ளங்கை அளவுக்கு வந்தது. இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த திருப்பம் வயர் போனதுதான். வயர் இருக்கும்வரை பிளக் பாயிண்ட் இருக்கும் இடத்தில்தான் வேலை நடக்கும். பிளக் பாயிண்ட் இல்லாத இடங்களில்தான் பெண்களுக்கு வேலை அதிகம்.

அப்படி ஓர் இடம், நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியின் பெண்கள் கழிப்பறை. ஆசிரியைகளுக்கு இரண்டு அறைகள். ஒன்றில் தாழ்ப்பாள் கழன்று எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும். மாதவிலக்கு நாட்களில் கைப்பையைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, ஒரு காலால் அழுத்திக்கொண்டு, மீதமிருக்கும் உடம்பால் மற்றதைச் செய்ய வேண்டும். மூன்று விண்ணப்பங்கள் கொடுத்தோம். "ஸ்டாக் வரல", "டெண்டர் போகணும்", "ஆள் சொல்லியிருக்கு" என்று மூன்று பதில்கள்.

ஒரு சனிக்கிழமை மதியம் டிரில்லை எடுத்துக்கொண்டு போனேன். ஆறு அங்குலத் தாழ்ப்பாள், எட்டு ஸ்க்ரூ, ஒரு பென்சில். கூட வேலை பார்த்த வேதியியல் ஆசிரியை செல்போன் டார்ச் பிடித்தார். பழைய துளைகள் தளர்ந்திருந்ததால் ஒரு அங்குலம் கீழே புது இடம் குறித்தோம். மரத்தில் நேராக ஸ்க்ரூவை ஏற்றினால் விரிசல் விடும், முதலில் 2.5 எம்எம் பிட்டால் சிறு துளைகள், பிறகு ஸ்க்ரூ. இருபது நிமிடம்கூட ஆகவில்லை. தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்து பார்த்து அவர் சொன்னார்: "இவ்ளோதானா டீச்சர்? இதுக்கா எட்டு மாசம்?"

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த மாணவிகள் இரண்டு பேர் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள்: "மேம், எங்க பக்கமும் ஒருநாள் வரீங்களா?" அவர்கள் பக்கம் ஐந்து கதவுகள், நான்கில் தாழ்ப்பாள் இல்லை. அந்தப் பெண்கள் காலையில் தண்ணீர் குடிக்காமல் கல்லூரிக்கு வருவது அன்றுதான் பேச்சில் வந்தது. அடுத்த சனிக்கிழமை முதல் கதவை நான் போட்டேன். மற்ற மூன்றையும் அவர்கள் போட்டார்கள்.

திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து அழைப்பு. "யாரைக் கேட்டு கதவுல துளை போட்டீங்க?" தாழ்ப்பாள் இல்லாத எட்டு மாதம் யார் கண்ணிலும் படாத கதவு, துளை விழுந்ததும் கல்லூரிச் சொத்தாகிவிட்டது. எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். மூன்று விண்ணப்பங்களின் தேதிகளையும் வரிசையாக எழுதி, தாழ்ப்பாள் வாங்கிய பில்லையும் இணைத்துக் கொடுத்தேன். அதற்குப் பதிலும் வரவில்லை, பணமும் வரவில்லை.

இதைத் தன்னம்பிக்கைக் கதையாக யாரும் வாசிக்க வேண்டாம். தாழ்ப்பாள் போடுவது நிர்வாகத்தின் கடமை. பெண்களே போட்டுக்கொள்ளட்டும் என்று அந்தக் கடமை நம் தலையில் விழுமானால், சமையலோடு இன்னொரு வேலை கூடுகிறது, அவ்வளவுதான். ஆனால் கடமையைச் செய்யச் சொல்லிப் போராடும் எட்டு மாதமும் உடம்பு சிறுநீரை அடக்கிக்கொண்டிருக்க முடியாது. விண்ணப்பமும் கொடுப்போம், துளையும் போடுவோம்.

வாங்க நினைக்கும் தோழிகளுக்கு, என் கைப்பழக்கத்திலிருந்து சில.

பேட்டரியில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். 18, 20, 21 என்று மூன்று பெட்டிகளில் மூன்று எண்கள் இருக்கலாம். உள்ளே பெரும்பாலும் அதே ஐந்து லித்தியம் செல்கள்தான். ஓடும்போது ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட் என்று கணக்கிட்டால் 18. முழுதாக ஏறியவுடன் 4.2 என்று கணக்கிட்டால் 21. 12 வோல்ட் என்பது மூன்று செல். மரம், பிளைவுட், திரைச்சீலைக் கம்பி, தாழ்ப்பாள் என்று வீட்டு வேலைக்கு 12 வோல்ட் போதும். எடை ஒரு கிலோவை ஒட்டி இருப்பதால் ஸ்டூல் மேல் ஏறிக் கையைத் தூக்கி வைத்திருக்கவும் முடியும். கடையில் பேட்டரியை மாட்டிப் பிடித்துப் பாருங்கள். சுட்டுவிரல் சுவிட்சுக்கு எட்டாவிட்டால் அந்தக் கருவி வேறொருவரின் கைக்காகச் செய்தது. பிங்க் நிறத்தில் 'பெண்களுக்காக' வருபவற்றில் நிறத்தைத் தவிர என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொரு கம்பெனியின் கருவிக்குப் பொருந்தாது. ஆகவே நாம் வாங்குவது ஒரு டிரில்லை அல்ல. ஒரு பேட்டரிக் குடும்பத்துக்குள் வாழ்க்கைப்படுகிறோம். நாளைக்கு ரம்பமோ பாலிஷ் மெஷினோ வாங்கும்போது அதே குடும்பத்தில்தான் தேட வேண்டியிருக்கும். உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, தனி பேட்டரி என்ன விலை என்று நாலு இடத்தில் விசாரியுங்கள். நம் விஷயத்தில் நடக்காத விசாரிப்பு இதிலாவது நடக்கட்டும்.

செங்கல் சுவரைத் துளைக்கச் சுத்தியல் குறி உள்ள மாடல் வேண்டும். கார்பைடு முனை வைத்த பிட் வேண்டும். கான்கிரீட் பீமிலும் லிண்டலிலும் இது திணறும். அதற்கு ரோட்டரி ஹேமர் தனி. வாங்க வேண்டாம், ஒருநாள் வாடகைக்கு எடுங்கள். டைல்ஸைத் துளைக்கும்போது சுத்தியலை அணைத்து, மெதுவாகத் தொடங்குங்கள். டைல்ஸைத் தாண்டிய பிறகு சுத்தியலைப் போடலாம். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் வயர் ஓடும், அங்கே கை வைக்காதீர்கள். 6 எம்எம் பிளக்குக்கு 6 எம்எம் பிட். பிட்டில் பிளக்கின் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு டேப் ஒட்டிக்கொண்டால் ஆழம் தெரியும். கழுத்தில் இருக்கும் எண் வளையம் அலங்காரம் அல்ல. சின்ன ஸ்க்ரூவுக்குச் சின்ன எண். எண் கூடினால் முறுக்கு கூடும், ஸ்க்ரூவின் தலை தேயும்.

பேட்டரியை வெயிலில் விடாதீர்கள், சித்திரை மாதம் ஸ்கூட்டி டிக்கியில் வைக்கவே வேண்டாம். நெடுநாள் எடுக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வையுங்கள். உயிர் போனதைக் குப்பையில் போடாதீர்கள். பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது என்று 2022ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. குப்பையில் தீப்பிடித்தால் அதைக் கையால் பிரிக்கும் பெண்ணின் விரல்தான் முதலில் வேகும்.

முந்தானையை இடுப்பில் இறுகச் செருகுங்கள். துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள். கூந்தலை முடிந்துகொள்ளுங்கள். வளையல், கையுறை இரண்டும் வேண்டாம், சுழலும் பிட் இழுத்துக்கொள்ளும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

சம்பளம் வாங்குவதால் எனக்கு இந்தக் கருவி வந்தது. கட்டட வேலைக்குப் போகும் பெண்களுக்கு வரவில்லை. முப்பது வருடம் கலவை சுமந்த பிறகும் அவர் சித்தாள்தான்; நேற்று வந்த பையன் நாலு வருடத்தில் கொத்தனார். கொத்தனார் பூசும் கருவிக்கும் கரண்டி என்றுதான் பெயர். சமையலறைக் கரண்டியை ஆயுள் முழுக்க நம்மிடம் கொடுத்தவர்கள் அந்தக் கரண்டியை மட்டும் தர மறுக்கிறார்கள். சம ஊதியச் சட்டம் 1976இல் வந்தது. கூலி மட்டும் இரண்டாகவே இருக்கிறது, ஏனென்றால் வேலையின் பெயரை இரண்டாக வைத்திருக்கிறார்கள். பளு தூக்குவது பெண்ணுக்கு ஆகும், மட்டம் பார்ப்பது ஆகாது என்பதில் உடல் வலிமைக் கணக்கு எங்கே இருக்கிறது?

புறநானூற்றின் 95ஆம் பாட்டை வகுப்பில் நடத்தும்போது மாணவிகள் சிரிப்பார்கள். தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசி, மாலை சூட்டி, காவலோடு அழகாக இருக்கின்றன. அதியமானுடையவையோ போரில் நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவை சொல்கிறார். புகழ்வதுபோல் பழித்த அந்தப் பெண்ணுக்குக் கருவிகளைப் பார்க்கத் தெரிந்திருக்கிறது. புழங்கிய கருவி எது, சும்மா இருந்த கருவி எது என்று தெரிந்திருக்கிறது.

என் டிரில் இந்த வாரம் வீட்டில் இல்லை. விவாகரத்துக்குப் பிறகு தனி வீடு பார்த்திருக்கும் ஒரு பழைய மாணவி வாங்கிப் போயிருக்கிறாள், வாசல் கதவுக்குச் சங்கிலி மாட்ட. 6 எம்எம் பிட் மழுங்கிவிட்டது, புதிது வாங்கிக்கொள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.