வாப்பாவின் பாலைவனம்

நான் பிறந்த நாற்பதாம் நாள் வாப்பா துபாய்க்கு விமானமேறினார். ஒன்பது வருடம் அங்கே சாரதி. பாலைவன விடுதியில் தங்கச் சோடியாக வரும் வெள்ளைக்காரர்களை மணல் மேடுகளில் ஏற்றி இறக்குவதுதான் வேலை. மணலில் இறங்குமுன் டயர்க் காற்றைக் குறைக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் வண்டி புதைந்துவிடும். இரவில் அவர்கள் நட்சத்திரம் பார்த்திருக்க, இவர் வண்டிக்குள் தூங்குவார். உம்மாவுக்கு வந்ததெல்லாம் படங்கள்தான்.

சென்ற ஏப்ரல் விடுமுறையில் இருவரையும் மீமுரேக்கு அனுப்பினோம். "இந்த வயசில எங்களுக்கு என்ன சோடிப் பயணம்?" என்று உம்மா வெட்கப்பட்டார். ஆனாலும் ஹலால் யோசனையில் சட்டி பானையெல்லாம் கட்டிக்கொண்டார்! கண்டியிலிருந்து ஹுன்னஸ்கிரிய போய்த் திரும்பி, கோபட்ஸ் கெப் தாண்டினால் லக்கேகல மலை கூராக நிற்கும். 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த நக்கிள்ஸ் காடு சுற்றிவர.

கிராமத்து வீடொன்றில் ஓரிரவு. காலையில் காட்டுவழி நடை, ஆற்றுக் குளிப்பு. உம்மாவின் காலில் ஏழு அட்டைக்கடி. எண்ணிக் காட்டிச் சிரித்தார்.

இரவு முழுக்க மழையாம், ஒரு நட்சத்திரம்கூட இல்லையாம். விடியும்வரை திண்ணையில் கதைத்துக்கொண்டிருந்தார்களாம்.

"என்ன கதைச்சீங்க உம்மா?"

அவர் சட்டியைக் கழுவப் போய்விட்டார்.