சர்வர் சும்மா இருந்தா என்ன தப்பு?

நாலாவது செமஸ்டர்ல பிக்யூடின்னு ஒரு பேப்பர் படிச்சோமே, ஞாபகம் இருக்கா மக்களே? ப்ராபபிலிட்டி அண்ட் க்யூயிங் தியரி. ஃபார்முலாவை நெட்டுரு போட்டு, பரீட்சை முடிஞ்ச சாயந்திரமே மறந்துபோன கோஷ்டி எல்லாம் கைதூக்குங்க. போன மாசம் ஒரு மீட்டிங்ல, அதே ஃபார்முலாவை நான் போர்டுல எழுத வேண்டியதாப் போச்சு.

விஷயம் இதுதான். எங்க ப்ராஜெக்ட்ல ஆறு சர்வர். பிஸியான நேரத்துல ஒவ்வொண்ணும் 60 சதவீதம் வேலை பார்க்கும். மிச்சம் 40 மேலிடத்துக்குக் கண்ணை உறுத்திடுச்சு. "சும்மாதானே நிக்குது? ரெண்டைத் தூக்கிட்டா நாலும் 90ல ஓடும். அப்பவும் 10 மிச்சம் இருக்கேப்பா!" மளிகைக்கடைக் கணக்குப்படி ரொம்பச் சரி. ஆனா வரிசைக்குக் கணக்கு வேற.

ஒரு டாக்டர், ஒரு பேஷண்டுக்கு 9 நிமிஷம். கரெக்ட்டா 10 நிமிஷத்துக்கு ஒருத்தர் வந்தா யாருமே காத்திருக்க வேண்டாம். ஆனா நாம அப்படியா வர்றோம்? காலைல அரைமணி நேரம் ஈ ஓட்டுவார், அப்புறம் அஞ்சு பேர் மொத்தமா வந்து நிப்பாங்க. ஈ ஓட்டின அரைமணியைச் சேமிச்சு வெச்சு இந்த அஞ்சு பேருக்குச் செலவழிக்க முடியாது இல்லையா? அங்கதான் வரிசை ஆரம்பிக்குது. வர்ற நேரமும், பார்க்கற நேரமும் தாறுமாறா இருந்தா (புத்தகத்துல இதுக்குப் பேர் எம்/எம்/1), உள்ள போய் வெளிய வர சராசரியா 90 நிமிஷம். சத்தியமா!

இந்த வழிக் கணக்கை ஆரம்பிச்சு வெச்சவர் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனில வேலை பார்த்த எர்லாங். 1909ல முதல் கட்டுரை, எத்தனை லைன் போட்டா எத்தனை கால் கிடைக்காமப் போகும்ங்கற ஃபார்முலா 1917ல. அதையே 1960களில் லெனார்ட் க்ளெய்ன்ராக் கம்ப்யூட்டர் நெட்வொர்க்குக்குக் கொண்டு வந்தார்.

எங்க சர்வருக்கு ஒரு வேலை சராசரியா 10 மில்லிசெகண்ட். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி வரிசை. அந்த 10ஐ, சும்மா இருக்கற பங்கால வகுத்தா போதும். 60 சதவீதத்துல 25 மில்லிசெகண்ட். 80ல 50. 90ல 100. 95ல 200. 99ல ஒரு முழு செகண்ட்! லோடு ஒன்றரை மடங்கு ஏறினா, நேரம் நாலு மடங்கு ஏறுது. இதை எழுதினதும் ரூம்ல ஒரு சின்ன அமைதி. (பிக்யூடி வாத்தியார் பார்த்திருந்தா அழுதிருப்பார்.)

இதுவும் நல்லகாலக் கணக்குதான். எர்லாங் காலத்து டெலிபோன்ல ஆளுங்க தனித்தனியாக் கூப்பிட்டாங்க. கொஞ்ச நேரச் சராசரி எடுத்தா மேடு பள்ளம் அடங்கிடும். கம்ப்யூட்டர் அப்படி இல்லை. பெல்கோர் லேப்ல 1989லேர்ந்து 1992 வரைக்கும் ஈதர்நெட் ட்ராஃபிக்கை அளந்து, லேலண்ட், டக்கு, வில்லிங்கர், வில்சன் நாலு பேரும் 1993ல ஒரு கட்டுரை போட்டாங்க. மில்லிசெகண்ட் கணக்குல பார்த்தாலும் மேடு பள்ளம், நிமிஷக் கணக்குல பார்த்தாலும் கிட்டத்தட்ட அதே மேடு பள்ளம். சராசரி எடுத்தாலும் லேசுல அடங்க மாட்டேங்குது. அப்போ நிஜ வரிசை என் ஃபார்முலா சொல்றதை விட நீளமாத்தான் இருக்கும்.

இவ்வளவு சொன்னப்புறமும் "100 மில்லிசெகண்ட் யாருக்குத் தெரியப் போகுது?"ன்னு ஒரு குரல். நியாயமான கேள்விதான். கடைசியா ஒரு வரி எழுதினேன். ஆறுல ஒண்ணு படுத்தா, மிச்சம் அஞ்சும் 72ல ஓடும். நாலுல ஒண்ணு படுத்தா? மூணு சர்வர் தலைல ஆளுக்கு 120 சதவீதம். அதுக்கு ஃபார்முலாவே கிடையாது, வரிசை வளர்ந்துக்கிட்டே போகும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபோன் அடிக்கும். எடுக்கறது யாரு? எங்க டீம்ல நாலு பேர் முறை வெச்சு எடுக்கறோம், அதுல ஒருத்தருக்கு ஆறு மாசக் கைக்குழந்தை.

பேரம் பேசி அஞ்சுல வந்து நின்னுது. ஒண்ணு படுத்தா மிச்சம் நாலும் 90. 100 மில்லிசெகண்ட்ல தள்ளாடிக்கிட்டே ஓடும், மொத்தமா ஒரு கூட்டம் வந்து விழாத வரைக்கும்.

இந்த வாரம் ஃபோன் என்கிட்டதான் இருக்கு.