பழைய ரயில் செட்டுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கப் போறீங்களா?

1/ அஸ்தம்பட்டியில எங்க தெரு அண்ணன் ஒருத்தர், அமெரிக்காவுல இருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த பழைய லயனல் ரயில் செட்டைக் காட்டி, "டாக்டர், இதை அப்படியே பிளக்ல சொருகலாமா?"ன்னு கேட்டார். வேண்டாம்னு சொன்னேன். ஏன்னு எல்லாருக்கும் சொல்லிடறேன்.

2/ மாடல் ரயில் தண்டவாளம் வெறும் உலோகம். குழந்தை அதைத் தொட்டுத்தான் விளையாடும். ஹார்ன்பி மாதிரி டிசி ரயிலுக்கு 12 வோல்ட் போதும். பழைய மார்க்லின் ஏசி ரயிலுக்கு 16. நம்ம வீட்டு பிளக்ல 230. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தடுப்பு, டிரான்ஸ்ஃபார்மருக்குள்ள இருக்கிற இன்சுலேஷன். பழசு வாங்கும்போது அந்தத் தடுப்பைத்தான் செகண்ட் ஹாண்ட்ல வாங்குறோம்.

3/ முதல்ல பெட்டிமேல எழுதியிருக்கிறதைப் படிங்க. அமெரிக்க செட்டுல 120 வோல்ட், 60 சைக்கிள்னு இருக்கும். அதை நம்ம 230 வோல்ட், 50 சைக்கிள்ல போட்டா, காயில் தாங்காம சூடாகிப் புகையும். தண்டவாளத்துக்கு வர்ற வோல்டேஜும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. 230-ல இருந்து 110 தர்ற ஸ்டெப் டவுன் போட்டே ஆகணும். அதோட வாட் கணக்கு ரயில் டிரான்ஸ்ஃபார்மரைவிட அதிகமா இருக்கணும்.

4/ அடுத்து ஒயர். பழைய ரப்பர் ஒயர் மடக்கினா வெடிக்குதா, பிளக் பக்கம் டேப் சுத்தியிருக்கா, மூடி கழட்டினா கருகின வாசனை வருதா? ஏதாவது ஒண்ணு இருந்தா, விலை எவ்வளவு குறைஞ்சாலும் விட்டுடுங்க.

5/ இல்லேன்னாலும், மோட்டார் ரீவைண்டிங் கடையில கொடுத்து மெக்கர் வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. 230 பக்கத்துக்கும் தண்டவாளப் பக்கத்துக்கும் நடுவுல, அப்புறம் உலோகப் பெட்டிக்கும். பல மெகா ஓம் காட்டணும். ரொம்ப குறைஞ்சா ஷோகேஸ்ல வைக்கத்தான் ஆகும்.

6/ இது பலருக்குத் தெரியாது. ஒரே தண்டவாளத்துல ரெண்டு டிரான்ஸ்ஃபார்மர் மாட்டாதீங்க. ஒண்ணோட பிளக்கை உருவினா, இன்னொண்ணோட 16 வோல்ட் தண்டவாளம் வழியா தலைகீழா ஏறி, உருவின பிளக் பின்னுல 230-க்குக் கிட்ட வந்து நிக்கும். "கரண்ட்லயே இல்லையே"ன்னு குழந்தை அதைத் தொடும்.

7/ உடம்புக்கு என்ன ஆகும்? 10 மில்லி ஆம்பியர் சுமாருக்கே கைத் தசை இறுகும், பிடிச்சதை விட முடியாம போகும். அதுக்கு மேல போனா இதயத் துடிப்பு தாறுமாறாகும். ஈரக் கைன்னா இன்னும் மோசம். வீட்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டுக்கங்க. ஆனா மேல சொன்ன பின்னுக்கு அது காவல் இல்லை.

8/ ஷாக் அடிச்சா ஆளைத் தொடாதீங்க. முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க, பிறகு 108. மூச்சு இல்லேன்னா உடனே சிபிஆர். எழுந்து உட்கார்ந்துட்டாலும், மயக்கம், படபடப்பு, நெஞ்சுவலி இருந்தா ஈசிஜி எடுக்காம வீட்டுல இருக்காதீங்க. குழந்தைன்னா எப்படியும் கூட்டிட்டு வாங்க.

9/ பழைய என்ஜினை ஆசையா வாங்குங்க, நல்லா ஓடும். டிரான்ஸ்ஃபார்மர்ல சந்தேகம்னா, அந்த என்ஜினுக்குப் பொருத்தமான புதுசு வாங்குறதுதான் சிக்கனம்.