செஞ்சி மலையும் பொள்ளாச்சிப் பலூனும்

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி உச்சியை மூச்சு வாங்க அடைந்தோம். 1690 முதல் ஏறக்குறைய எட்டு வருஷம் மொகலாயப் படையைக் காக்க வைத்த மலை, நமக்கு மட்டும் சுலபத்தில் வழி விடுமா? முழங்கால் வலியால் தாயார் அடிவாரத்திலேயே தங்கிவிட்டார்.

அப்போது, 2015-ல் தொடங்கிய பொள்ளாச்சிப் பலூன் திருவிழா நினைவுக்கு வந்தது. துவண்டு கிடக்கும் துணிக்குள், கையோடு கொண்டு செல்லத்தக்க விசிறி இயந்திரம் முதலில் குளிர்ந்த காற்றை ஊதுகிறது. துணி உப்பி வாய் விரிந்த பிறகே நெருப்பு. அவசரப்பட்டால் துணி கருகும். உட்காற்றுச் சூடேறி லேசானதும் பலூன் எழும்புகிறது.

இங்கே ஒன்று இருந்தால் தாயாரும் வானேறிக் கோட்டையைக் காணலாமே! ஆனால் பலூனுக்கு அடங்கிய காற்று வேண்டும். உச்சியிலோ தோளில் மேல்துண்டே நிற்கவில்லை. கண்டதையெல்லாம் வாய்மொழியாகச் சொல்ல அவரிடம் இறங்கி வந்தோம்.