காலிமுகத்திடலிலே கந்தோர்க்காரர்

கொழும்புக் கோட்டையிற் கந்தோர்கள் கலையும் மாலை வேளையில், காலிமுகத்திடலின் கடலோர நடைபாதை மெல்ல நிறையத் தொடங்குகின்றது. தேசாதிபதி சேர் ஹென்றி வாட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த பாதை இது. கொழும்பு மாதர்க்கும் சிறுவர்க்குமாக இதனைப் பேணுமாறு, தமக்குப் பின் வருவோரை வேண்டி அவர் கல்லிலே பொறித்துவைத்தார். கந்தோர் உத்தியோகத்தரை மறந்தார் போலும்! இன்று அவர்களுக்கன்றோ இது மிகவும் வேண்டப்படுகின்றது?

காலைமுதல் நாற்காலியை விட்டெழாது கோப்புகளோடும் கணினியோடும் பொழுதைக் கழித்தவர், நேரே பஸ்ஸில் ஏறி மீண்டும் ஓர் ஆசனத்தையே நாடுகின்றார். அமர்ந்தே இருப்பதன் கேடு சிறிதன்று. இலண்டன் இரட்டைத்தட்டு பஸ்களிலே படியேறி இறங்கிய நடத்துநரினும், அமர்ந்திருந்த சாரதிகளையே இருதய நோய் மிகுதியாகப் பற்றியதை மருத்துவர் ஜெரி மொரிஸ் குழுவினர் 1953இல் எடுத்துக்காட்டினர்.

பழைய பாராளுமன்றக் கட்டிடத்தருகிருந்து தெற்கே காலிமுக ஹோட்டல் வரை, சற்று விரைந்து நாம் நடந்து பார்த்த அளவிற் கால்மணி நேரம் சென்றது, போய்வர அரைமணி. வாரத்தில் ஐந்து நாளெனில் 150 நிமிடம். வளர்ந்தோர்க்கு உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த குறைந்த அளவும் அதுவே. ஒரே மூச்சில் நடக்கவேண்டுமென்பதுமில்லை. சிறு சிறு நடையும் கணக்கிற் சேரும். மின்தூக்கியை விடுத்து மாடிப்படி ஏறலாம். ஒரு தரிப்பு முன்னதாக இறங்கலாம். மதியவேளையிற் சதாம் வீதி மணிக்கூட்டுக் கோபுரத்தை ஒருமுறை சுற்றிவரலாம்.

தென்மேற் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலை கடற்சுவரைத் தாண்டித் தெறிக்கும். அந்நாள்களிற் புற்றரையின் உட்புறமாக நடத்தல் நன்று.