ஒற்றை ஷூ

“அண்ணே, ஷூவக் கழட்டுங்க” என்றான் தம்பி.

பெல்ஜியத்தின் கென்ட் நகரில், வெள்ளிக்கிழமைச் சந்தை என்று பெயருள்ள சதுக்கத்தின் ஓரத்தில் டுல்லே கிரீட் என்றொரு பார். அங்கேதான் உட்கார்ந்திருந்தோம். ஷூவைக் கழற்று என்றால் நமக்குக் கோயில் வாசல் பழக்கம். குனிந்து இரண்டு லேஸையும் அவிழ்த்தேன். “ஒண்ணு போதும்ணே” என்று சிரித்தான். பார்க்காரர் என் இடது ஷூவை வாங்கி ஒரு கூடைக்குள் போட்டுக் கயிற்றை இழுத்தார். கூடை மெல்ல உயர்ந்து கூரையைத் தொட்டது. அதன் பிறகுதான் கிளாஸ் வந்தது. 1.2 லிட்டர் பிடிக்கும் நெட்டைக் கிளாஸ். அடி உருண்டை என்பதால் தானாக நிற்காது. மரச்சட்டத்தில் மாட்டியே வைக்கவேண்டும். ஆசைப்பட்டு யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதென்று ஷூ பிணை. என் இடது சாக்ஸில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

ஷூவை அடகு வைத்துக் குடிக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

“கட்டின வேட்டிய அடகு வச்சுக் குடிக்கிற பய” என்பது எங்கள் ஆச்சியின் வசவுகளில் உச்சம். அதற்குச் சொந்தக்காரர் அவளுடைய கொழுந்தன், என் சின்னத் தாத்தா. எம்ஜிஆர் ஆட்சியில் கள்ளுக்கடைகள் திறந்திருந்த எண்பதுகளின் தொடக்கம். வேட்டி வரைக்கும் அவர் போனதில்லை. துண்டுதான். காசு தீர்ந்தால் துண்டை ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிடுவார்.

கென்ட்டில் அன்று மாலை நாங்கள் முதலில் போனது லைய ஆற்றங்கரையில் இருக்கும் வாட்டர்ஹவுஸ் என்ற கடைக்கு. தம்பி கென்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன், விவரம் தெரிந்தவன். “இங்க ஒவ்வொரு பியருக்கும் ஒரு கிளாஸ் உண்டுண்ணே. அந்தக் கிளாஸ் காலியா இல்லன்னா வேற பியர் குடிங்கம்பாங்க” என்றான். எனக்கு ஓர்வால் வந்தது, விளிம்பு அகன்ற கிண்ணம் போன்ற கிளாஸில். அது டிராப்பிஸ்ட் துறவிகளின் மடத்தில் காய்ச்சுவது. இடிந்துகிடந்த மடத்தைத் திரும்பக் கட்டப் பணம் வேண்டுமென்று 1931-இல் பியர் ஆலை தொடங்கினார்கள். நம்மூரில் கோயில் திருப்பணிக்கு இப்படி நிதி திரட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். பாட்டிலில் மோதிரத்தைக் கவ்விய மீன் படம். தவறிப்போய் ஊற்றில் விழுந்த சீமாட்டியின் மோதிரத்தை மீன் கொண்டுவந்து கொடுத்ததாகக் கதை.

பெல்ஜிய பியருக்கு ஏன் இவ்வளவு வலு? பதில் ஒரு தடைச் சட்டத்தில் இருக்கிறதாம். 1919-இல் எமில் வாண்டர்வெல்டே என்ற சோஷலிஸ்ட் அமைச்சர், பார்களில் வடிசாராயம் விற்கக் கூடாதென்று சட்டம் கொண்டுவந்தார். சாராயத்தின் இடத்தைப் பிடிக்க பியர்காரர்கள் சரக்கின் வலுவைக் கூட்டினார்கள். ரோஷ்ஃபோர் மடத்தின் 10-ஆம் நம்பர் பியரில் ஆல்கஹால் 11.3 சதவீதம். ஒரு கதவை அடைத்தால் குடி இன்னொரு கதவைத் தட்டும். எங்கள் ஊருக்கும் தெரிந்த விஷயம்தான்.

இரண்டாவது கடையில் கூஸ் என்றொரு பியரை ஊற்றிக் கொடுத்தார்கள். மூக்கருகே கொண்டுபோனதும் கை நின்றுவிட்டது. கள்ளு வாடை. புளிப்பு, அதற்குப் பின்னால் லேசான அழுகல், அதற்கும் பின்னால் ஏதோ ஒரு பழம். “ஈஸ்ட்டே போட மாட்டாங்கண்ணே” என்றான் தம்பி. கோதுமையும் பார்லி மால்ட்டும் சேர்த்துக் காய்ச்சிய சாற்றைக் குளிர்கால இரவில், கூரைக்கடியில், ஆழமில்லாத பெரிய தொட்டியில் திறந்தபடி ஆறவிடுகிறார்கள். பிரஸ்ஸல்ஸ் பக்கத்துக் காற்றிலும் மரப்பீப்பாயிலும் வாழும் ஈஸ்ட்டே மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்கிறது. ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம் கிடந்தவற்றைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் கூஸ்.

பனையிலும் இதே கதைதான். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் அதே சாறு வெயில் ஏறுவதற்குள் கள். யாரும் எதையும் சேர்ப்பதில்லை. கள்ளுக்கு ஒரு பொழுது போதும், கூஸுக்கு மூன்று வருஷம் வேண்டும். பெல்ஜியத்தின் பியர் பண்பாட்டை 2016-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் ஊர்க் கள்ளுக்கடை 1987-இல் மூடியது மூடியதுதான்.

மூடுவதற்கு முன்னால் ஒருநாள் ஆச்சி என் கையில் இரண்டு ரூபாயை வைத்து, “போய் அந்தத் துண்ட மீட்டுட்டு வா” என்றாள். கடைக்குள் நான் நுழைந்தது அந்த ஒரு தடவைதான். ஓலைச் சரிவின் கீழ் வரிசையாக ஆணிகள். துண்டுகள், ஒரு குடை, ஒரு டார்ச் லைட். கடைக்காரர் துண்டை எடுத்து உதறினார், நான்காக மடித்தார், பெரிய மனுஷனுக்குக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் நீட்டினார். பெஞ்சில் இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அந்த வாடையோடு தெரு முழுக்க நான்தான் ஓட்டமும் நடையுமாக வந்தேன். திண்ணையில் இருந்த சின்னத் தாத்தா என் முகத்தைப் பார்க்காமலே வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

1.2 லிட்டரை இருவருமாகச் சேர்ந்தும் முடிக்க முடியவில்லை. கிளாஸைத் திருப்பிக் கொடுத்ததும் கயிறு தளர்ந்தது. கூடை இறங்க, பக்கத்து மேசைக்காரர்கள் கைதட்டினார்கள். பார்க்காரர் தலை வணங்கி, ஷூவை இரண்டு கையாலும் நீட்டினார். தம்பி போனில் படம் எடுக்கத் தயாராக நின்றான்.

“நிமிந்து பாருங்கண்ணே” என்றான்.

லேஸ் கட்டுகிறேன் என்று கையைக் காட்டினேன். அன்று அதைக் கட்டி முடிக்க வெகுநேரம் பிடித்தது.