ஆவணியில் வாங்கிய வில்லுக்கத்தி

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயிலில் கொடியேறிவிட்டால் எங்களுக்குக் கத்தி வாங்கும் காலம். ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் கொடி, ஆவணி அமாவாசையில் தீர்த்தம். அந்த 25 நாளும் வீதியோரக் கடைகளில் காப்பு, சீப்பு, அம்மம்மாக் குழல் என்று குவிந்திருக்கும். நடுவிலே ஒரு சாக்கை விரித்து வில்லுக்கத்திகளைப் பரப்பியிருப்பார்கள். சிவப்பும் பச்சையும் பூசிய தகரப் பிடி, பளபளக்கும் அலகு. வருடத்துக்கு ஒன்றுதான் வாங்கலாம் என்பது வீட்டுச் சட்டம்.

எனக்குச் சிவப்புப் பிடிதான் கண்ணில் படும். அம்மான் விடமாட்டார். "பிடியின்ரை வடிவைப் பாராதை தம்பி, முதுகைப் பார்" என்பார். கத்தியை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். முதுகில் ஓடும் வில்லுக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையில் ஒளிக்கீற்றுத் தெரிந்தால் அது கழிவு. பிறகு மடக்குவார். இந்தக் கத்திக்குப் பூட்டுக் கிடையாது. அலகின் அடியை வில் அமுக்கிக்கொண்டிருப்பதுதான் அதன் பலமெல்லாம். 'டக்' என்று இறுக்கமாய் மடங்கினால் தலையாட்டுவார், சொதசொதவென்று மடங்கினால் சாக்கிலே போட்டுவிடுவார். கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் அவர் கவனிப்பதில்லை.

வாங்கிய கத்திக்கு மறுநாளே வேலை தொடங்கிவிடும். பென்சில் சீவ, கொய்யாக்காய் வெட்ட, புளிமாங்காய்க்கு உப்பும் தூளும் தடவுமுன் கீறல் போட. மாங்காய்ப் புளி பட்ட அலகு அன்றைக்கே கறுத்துவிடும். கறுத்த அலகால் அடுத்த துண்டை வெட்டினால் இரும்பு வாடை அடிக்கும். அதையும் தின்போம்.

உண்மையான சோதனை மார்கழியில். வாடைக்காற்று எழும்பியதும் பட்டத்துக்கு மூங்கில் பிளக்க வேண்டும். மேல்தோலை விட்டுவிட்டு உட்பக்கச் சோற்றை மட்டும் மெல்லிசாய்ச் சீவி எடுப்போம். சீவிய ஈர்க்கை நடுவில் கத்தி முதுகின்மேல் வைத்தால் எந்தப் பக்கம் பாரமோ அந்தப் பக்கம் சாயும். சாய்ந்த பக்கத்தை இன்னும் இரண்டு இழுப்பு. இரண்டு பக்கமும் ஒரே நிறையாய் நின்றால்தான் பட்டம் குத்துக்கரணம் அடிக்காது. மூங்கில் கணுவிலே அலகைத் திருகித் திருகி அநேகமான கத்திகளுக்கு ஆணி ஆடத் தொடங்கும், சிலதுக்கு வில்லே முறிந்துபோகும். தைப்பொங்கலன்று எவன் கத்தி ஆடாமல் நிற்கிறதோ, அதுதான் எங்கள் ஒழுங்கையில் அந்த வருடத்துக் கத்தி. தீர்ப்புச் சொல்வது மூங்கில், ஆகவே ஒருவரும் அப்பீல் கேட்பதில்லை.

அம்மானுடைய இடுப்பு மடியில் கிடந்தது ரொட்ஜர்ஸ் கத்தி. அவருடைய தகப்பன் வாங்கியது. அலகின் அடியில் நட்சத்திரமும் மால்ற்றாச் சிலுவையும் குத்தியிருக்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து கப்பலேறி இலங்கைக் கடைகள் வரை வந்த முத்திரை அது. வெற்றிலைக்குப் புகையிலைத் துண்டு நறுக்குவதும், நகம் வெட்டுவதும், காலில் ஏறிய முள்ளைக் கிண்டி எடுப்பதும் அதனால்தான். தீட்டித் தீட்டி அலகு வேப்பிலை அளவுக்கு ஒடுங்கியிருந்தது. "புதிசு ஒண்டு வாங்குங்கோவன் அம்மான்" என்றால், "இது இன்னும் முடியேல்லையே" என்பார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு போருக்கு அஞ்சி வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, மழைக்குள் எதை எடுப்பது, எதை விடுவது என்ற அந்தரத்தில் கத்தி வீட்டோடு நின்றுவிட்டது. அடுத்த வருடம் திரும்பிப் போனபோது வீட்டில் கதவுநிலைகூட இல்லை. அதற்குப் பிறகு வந்தது காவலரண்களில் பொக்கற்றைத் தட்டிப் பார்க்கும் காலம். கத்தி வைத்திருக்கும் பழக்கமே ஆம்பிளையளின் மடியிலிருந்து கழன்று போயிற்று.

பிழைப்பு என்னை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தது. இங்கே மடக்குக் கத்தி சேர்ப்பவர்கள் வருட முடிவில், இந்த வருடம் வாங்கியதில் எது பிடித்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். பிடிக்கு மான்கொம்பா, எலும்பா, கருங்காலியா என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். வடிவான கத்திகள்தான், ஆனால் ஒன்றுகூடத் தேய்ந்ததில்லை. இந்த ஆசை புதிதுமல்ல. ரொட்ஜர்ஸ்காரர்களே 1822இல் 1822 அலகுகள் கொண்ட ஒரு கத்தியைச் செய்து 'வருடக் கத்தி' என்று பெயரிட்டார்கள். பின்னர் ஆண்டுகள் ஏற ஏற அலகுகளையும் கூட்டினார்கள். அதைக் கொண்டு ஒரு மாங்காய் வெட்ட முடியாது. அதே ஷெஃபீல்டில் 14 வயதில் பட்டறைக்குள் நுழைந்து முதுமை வரைக்கும் கையாலேயே மடக்குக் கத்தி செய்த ஸ்ரான் ஷோ 2021இல் தமது 94ஆவது வயதில் காலமானார். அவரைப்போல் தனித்தனிப் பட்டறை வைத்திருந்த கைவினைஞர்கள் ஷெஃபீல்டில் ஒருகாலம் தெருத்தெருவாய் இருந்தார்கள். இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

என்னையும் கேட்கிறார்கள். பிரான்சின் ஒப்பினெல் எனக்குப் பிடிக்கும், மரப்பிடியும் கரி எஃகு அலகுமாய் ஏழைக்கேற்ற கத்தி. ஆனால் 1955 முதல், மிகச் சிறியவை தவிர, அதன் கழுத்தில் பூட்டு வளையம் ஏறியிருக்கிறது. பூட்டுள்ள கத்தியைத் தகுந்த காரணமின்றி வெளியில் கொண்டு திரிய இந்த நாட்டுச் சட்டம் விடாது. வெட்டுமுனை 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக் கத்திக்கு மட்டும் விலக்கு. அம்மானின் கத்தி அந்தக் கணக்குக்குள் அடங்கியிருக்கும்.

ஆகவே, பழஞ்சாமான் சந்தையில் வாங்கிய இரண்டலகு ஷெஃபீல்ட் கத்தியைத்தான் நான் சொல்கிறேன். முன்பு யாரோ பாதி தேய்த்துவிட்ட அலகு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், முதுகில் கீற்றில்லை. மாங்காய் வெட்டினேன், கறுத்தது. மிச்சப் பாதியைத் தேய்த்து முடிக்க எனக்குக் கன காலம் எடுக்கும். அதுவரை வருடா வருடம் என்னிடம் கேட்டுப் பிரயோசனமில்லை.